மூன்றாம் ஞாயிற்று ஓலை

சித்தூர், 1931 ஏப்ரல் 18, சனி

காலை எட்டு மணிக்கே வெயில் தாங்கவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் முப்பத்தெட்டு. பதினொன்று திருத்தியாயிற்று. மீதி நாளை மறுநாள். பள்ளி அடைக்க இன்னும் பதினோரு நாள்.

நாளைய ஆராதனைக்கு அறிவிப்புத் தாள் எழுதினேன். நைனாவுக்குக் கண்ணில் புரை. எழுத்து கட்டைவிரல் அகலம் இருந்தால்தான் தெரியும். பக்கத்துக்கு எட்டு வரி. பாதிரியாருக்கு உதவியான உபதேசியார் வேலையை விட்டபிறகு சபையில் அவருக்கு மிஞ்சியது இந்த வாசிப்பு ஒன்றுதான். பாதிரியார் கிராமம் சுற்றப் போகும் ஞாயிறுகளில் ஜெபம், அறிவிப்பு எல்லாம் இவர். அதையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று ஈஸ்டருக்கு முன்பே பாதிரியார் கேட்டார். நான்தான் கெஞ்சி நிறுத்தினேன்.

கடைசிப் பக்கத்தில் என் கல்யாண ஓலை. மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். போன வாரம் பாதிரியார் வாசித்தார். இனி இரண்டு வாரமும் நைனா. என் பெயரை நானே அவ்வளவு பெரிதாக எழுதக் கூச்சமாக இருந்தது. எழுதினேன்.

19, ஞாயிறு

வாசித்தார். தடுமாற்றமில்லை. "இந்தச் சபையைச் சேர்ந்த ரேச்சலுக்கும், திருப்பதி சபையைச் சேர்ந்த ஆசீர்வாதத்துக்கும்... இது இரண்டாம் முறை." பின்வரிசையில் யாரோ: "முப்பத்திமூணு ஆவுது. இப்பவாவது விட்டாரே அவ அப்பா." திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பகலில் நைனா இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். ரசத்தில் உப்பில்லையாம். உப்பு இருந்தது.

21, செவ்வாய்

செய்ய வேண்டியவை: மார்க்குப் பட்டியல். பள்ளி அலமாரிச் சாவி வெள்ளைக்கார மிஸ்ஸம்மாவிடம். ரவிக்கை இரண்டு, தையற்காரர் வியாழன் என்கிறார், நம்புவதற்கில்லை. நைனாவின் பெட்டி. அவர் கண் சொட்டு மருந்து, இரண்டு புட்டி. கல்யாணம் 30 வியாழன் சாயங்காலம்.

ஆ.விடமிருந்து கடிதம், கூடவே சின்னப் பொட்டலம். ரங்கூன் பள்ளிக்கூடத்தில் வேலை உறுதியாகிவிட்டது, மே 2 சனிக்கிழமை ரேணிகுண்டாவில் ரயில், செவ்வாய்க் கப்பல். தள்ளிப்போட முடியாது என்று அவர்களே எழுதிவிட்டார்களாம். 'போன மாதம் வந்தபோது உங்கள் குரல் கம்மியிருந்தது. அதிமதுரம் அனுப்பியிருக்கிறேன். வகுப்புக்குப் போகுமுன் வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்.' பன்னிரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். குரல் கம்மியது என்று ஒருவர் சொன்னதில்லை. கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாற்பது வயது, மனைவியை இழந்தவர், தலையில் பாதி வழுக்கை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

23, வியாழன்

புத்தலப்பட்டிலிருந்து அத்தை வந்திருந்தார். நைனாவின் தங்கை. நான் போனபின் நைனா அங்கேதான். "அண்ணனுக்கு மேலண்ட ரூம்பு ஒழிச்சி வச்சிக்கிறேன். நீ நிம்மதியா போ ரேச்சலு. என் அண்ணன நான் பாத்துக்க மாட்டேனா."

நைனா: "அங்க கெணறு தூரம்."

"நீயா அண்ணா தண்ணி சேந்தப் போற? பசங்க இருக்கறாங்க."

 அத்தை பஸ் ஏறினபிறகு நைனா என்னிடம் கேட்டார். "ரங்கூனுக்குக் கப்பல்ல எத்தினி நாளும்மா?"

"நாலு நாளுன்றாங்க நைனா."

"திரும்பி வர?"

"அதுவும் நாலு நாள்தான்."

"அது தெரியும். எத்தினி வருசம் கழிச்சின்னு கேட்டேன்."

மூன்று வருட ஒப்பந்தம் என்றேன். தலையாட்டினார். ரவிக்கை வரவில்லை.

25, சனி

பரீட்சைத் தாள் முழுக்க முடிந்தது. கோமளா 92. முனிரத்தினம் 7, அதிலும் இரண்டு நான் பாவம் பார்த்துப் போட்டது. கீரைக்காரி வாசலில் நின்று "பெள்ளி எப்புடு டீச்சரம்மா?" என்று தெலுங்கில் கேட்டாள். வியாழக்கிழமை கல்யாணம் என்றதும் ஒரு கட்டு கூடப் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் ஓலை எழுதினேன். சாயங்காலம் வழக்கம்போல நைனா தாளை மூக்கருகே பிடித்து ஒரு தடவை முழுக்க வாசித்துப் பார்த்தார். பெண்கள் சங்கக் கூட்டம், கல்லறைச் சுவருக்குச் சுண்ணாம்பு, புதன் ஜெபக்கூட்டம். ஒரு எழுத்து பிசகவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் மடித்து வைத்துவிட்டார். "இது மனப்பாடம்மா. போன வாரம் சொன்னதுதான."

தாளை மறுபடி பிரித்து இரண்டு முறை சரிபார்த்தேன். கல்யாணப் பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

26, ஞாயிறு

வாசிக்கவில்லை.

சுண்ணாம்பு வரை வந்தார். ஜெபக்கூட்டம் வரை வந்தார். தாளைத் திருப்பினார். கடைசிப் பக்கம் மேலே வந்தது, மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கே என் பெயர் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, "எழுந்து நிற்போமாக" என்றார்.

எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். 'நைனா, ஒன்று விட்டுப்போச்சு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் நாற்பது பிள்ளைகளுக்கு மேலே கத்துகிறவள் நான். வாய் வரவில்லை.

 பகலில் நைனா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வாரத்தில் இன்றுதான். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

27, திங்கள்

பள்ளியில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. காந்திமதி டீச்சர் மட்டும், "பெரியவருக்குக் கண்ணு, பாவம்" என்றாள். ஆமாம் என்றேன்.

காரணம் கண் இல்லை. சனிக்கிழமை ஒரு எழுத்து பிசகாதவர். கோபம் தலைக்கேறி இரண்டு பிள்ளைகளை வீணாக அடித்தேன். பிறகு அவர்களுக்கே சிலேட்டுத் துடைக்கும் வேலை கொடுத்துச் சமாதானம்.

28, செவ்வாய்

காற்றே இல்லை. சாயங்காலம் பாதிரியார் வண்டியை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார். நைனா நாற்காலியில். நான் பக்கத்தில் நின்றேன்.

"உபதேசியாரே, மூணாவது ஓலை வாசிக்கலன்னு சொல்றாங்களே. இன்னா ஆச்சு?"

நைனா விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.

"கண்ணு தெரியாம விட்டுப்போச்சுன்னா ஒரு வார்த்த சொல்லிடுங்க. நாளைக்கு ஜெபக்கூட்டத்துல நானே வாசிச்சிடறேன், ஞாயிறு இல்லன்னாலும் செல்லும், வியாழன் கல்யாணம் நடந்துடும். ஆனா இனிமே நீங்க தாள் எடுக்க வேணாம். வேணும்னே விட்டிருந்தா அது வேற பேச்சு. சபையில வச்சிக் கேக்கணும்."

நைனாவின் விசிறி நின்றுவிட்டது. அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் இந்தச் சபைக்கு உழைத்தவர். சபை நடுவே நிறுத்திக் கேட்பார்களாம். நான் முந்திக்கொண்டேன்.

"அவர் மேல தப்பில்லீங்க ஐயா. தாளில நான் எழுதல. மறந்துட்டேன்."

"உன் ஓலையவே மறந்துட்டியா?"

"ஆமாங்க."

பொய். அந்தப் பக்கம் இன்னும் வேதப் புத்தகத்துக்குள்தான் இருந்தது, ஒரு முழத் தூரத்தில்.

பாதிரியார் என் பக்கம் திரும்பினார். "சரி, அதனால இன்னா. நாளைக்கு வாசிக்கட்டுமா? நீ சொல்லும்மா, உங்கப்பாவக் கேக்கல."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியம். அப்போது என் முந்தானை இழுபட்டது. நாற்காலிக்குப் பின்பக்கமாக, பாதிரியாருக்குத் தெரியாமல், நைனா அதைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

"வேணாங்க ஐயா" என்றேன்.

"மனசில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம். நல்ல மனுசன் அவர்." காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன். பெரிய எழுத்து, கெட்டித் தாள், எரிய நேரமெடுத்தது. அழுதேன். புகை என்று சொல்லத் தேவையில்லாமல் போயிற்று, நைனா கேட்கவேயில்லை.

29, புதன்

பள்ளி அடைத்தாயிற்று. பிள்ளைகள் மாங்காய்க்கும் ஆயாவீட்டுக்கும் பறந்தார்கள். முனிரத்தினம் தேர்ச்சி இல்லை. அவனுக்குக் கவலையும் இல்லை. மிஸ்ஸம்மா என் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்து, தன் மழலைத் தமிழில், "இது வேண்டுமா, கிழிக்கலாமா?" என்று கேட்டார்.

"கிழிச்சிடுங்க" என்றேன். சந்தோஷப்பட்டார். ஜூனில் நான்காம் வகுப்பும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று உடனே கேட்டார். பார்த்துக்கொள்கிறேன்.

ஆ.வுக்கு நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது, இரண்டே வரி. வரமுடியவில்லை, மன்னியுங்கள். காரணம் எழுதினால் நைனாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

மே 1, வெள்ளி

பதில் வந்தது. 'உங்கள் பாதிரியார் எழுதினார், நீங்கள் மறந்துவிட்டதாக. மறக்கக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால் தேவலை.

தையற்காரர் இன்று ரவிக்கை கொண்டுவந்தார். இரண்டும் அளவு சரி.

மே 2, சனி

புழுக்கம். மழை வரும்போல் இருந்து வரவில்லை. நாளைய தாள் எழுதியாயிற்று, மூன்று பக்கம்தான்.

ஆ.வின் ரேணிகுண்டா வண்டி நாலு பத்துக்கு. நாலு மணிக்கு நைனாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டேன். ஒரு கண்ணுக்கு மூன்று சொட்டு, பிறகு மூடிக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும். கண்ணை மூடியபடியே பேசினார். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேசியது இதுதான்.

"தனியா இருக்க பயமா இருந்துச்சும்மா. வாசிக்கத்தான் நெனச்சேன். உன் பேரப் பாத்ததும் முடியல."

நான் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா, இன்னும் ரெண்டு வருசம். அதுக்கு மேல நான் எங்க இருக்கப் போறேன்."

சரி நைனா என்றேன். நைனாவின் அப்பா தொண்ணூற்றொரு வயது வரை இருந்தார்.