சந்தியோகுப் பூட்டன் பிடித்த கயிறு

மச்சான்,

இந்த மடலில் நான் சொல்லப்போகும் கதையை மன்னார்த் தீவில் ஒருவரும் நம்பப் போவதில்லை என்று இதனால் சகலருக்கும் உறுதியளிக்கிறேன். என் தங்கச்சியைக் கட்டிய நாளிலிருந்து நீ நான் சொன்ன எதை நம்பினாய்?

இன்று காலை தாழ்வுபாட்டுக் கரையில் உன் வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறேன். தகரத்தைத் திறந்ததும் எழும்பிய மணத்தோடு நீயும் வந்துவிட்டாய், பீடியும் நக்கலுமாக.

இந்த வள்ளத்தை நீ வாங்கிய அன்று நான் விட்ட அறிக்கை நினைவிருக்கும். என் பூட்டன் சந்தியோகு மன்னாருக்குத் தெற்கே அரிப்பு ஊர்க் கடலில் முத்துக் குளித்தவர். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனால், மேலே இருப்பவர்கள் சோறு காய்ச்சித் தின்று, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பிய பிறகுதான் வருவார். வழிமறித்த சுறாக்களைக் காதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினவர். ஆகவே வள்ளத்துக்கு அவர் பெயர்தான் என்றேன்.

"சுறாவுக்கு ஏதடா காது? குளிச்சதுக்குக் கடதாசி கொண்டு வா. நானே என்ர கையால பேர் எழுதிறன்," என்றாய் நீ.

மூன்று மாதம் வள்ளம் பெயரில்லாமல் ஓடியது. அந்த வெறும் பலகையில்தான் ஊரில் என் மானம் தொங்கியது.

கடைசியில், விவாகப் பதிவில் தொழிலும் எழுதியிருக்கும் என்று உன் மோட்டார் சைக்கிளில் பதிவாளர் கந்தோருக்குப் போனோம். பழைய விவாகப் பதிவேட்டைத் தூக்கிவர ஆறு பேரும் ஒரு உழவு இயந்திரமும் தேவைப்பட்டன. எழும்பிய தூசியில் தலைமன்னார் வரை ஆட்கள் தும்மினார்கள். அங்கே வேலை செய்த பிள்ளை வரி வரியாக விரலை ஓட்டி, சந்தியோகு என்ற பெயரில் நிறுத்தினாள்.

"ஐயா, மாப்பிள்ளை மனுவேல். முத்துக் குளிக்கிறவர்."

"அது என்ர பூட்டன்," என்று நீ கதிரையில் நிமிர்ந்தாய்.

"பொம்பிளையின்ர தமையன்தான் சந்தியோகு. சாட்சிக் கையெழுத்து வைச்சிருக்கிறார். தொழில், கயிறு பிடிக்கிறவர்."

நான் மேசையைப் பார்த்தேன். குளிப்பவன் கடலடிக்கு இறங்க, வள்ளத்தில் இருப்பவன் அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பான். அசைத்ததும் மேலே இழுப்பான். மனைவியின் சகோதரனைத் தவிர வேறு யாரிடமும் அந்தக் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். தங்கச்சியை விதவையாக்க எந்த அண்ணனுக்கு மனம் வரும்? ஆக, சுறாவின் காதைத் திருகிய என் பூட்டன் தலை நனையாமல் உத்தியோகம் பார்த்தவர்.

திரும்பும் வழியில் நீ ஒரு வார்த்தை நக்கலடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். அடுத்த நாள் கரைக்கு வந்தால், பலகையில் ஈரம் காயாத எழுத்து: சந்தியோகு.

"மச்சான், மனுவேல் எண்டெல்லோ எழுதவேணும்?"

"மனுவேல் மேல வந்தபடியாத்தான் நான் இருக்கிறன். இழுத்தது உன்ர ஆள். போய் உன்ர தங்கச்சியிட்டத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா."

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ திரும்பி வராத ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போனபோது, இழுக்க என் கையில் ஒரு கயிறும் இருக்கவில்லை, மச்சான்.

சற்றுமுன் தங்கச்சி தேத்தண்ணியோடு வந்தாள். "அண்ணை, அந்தாள் எழுதினது கோணல். நேராக்கி எழுதுங்கோவன்." நான் உன் கோணல் மேலேயே தூரிகையை ஓட்டினேன்.

சுறாவுக்குக் காது இல்லை. உழவு இயந்திரமும் வரவில்லை. பதிவேட்டை அந்தப் பிள்ளை ஒற்றைக் கையில் கொண்டு வந்தாள். கயிறு பிடிக்கிறவர் என்ற அந்த வரி மட்டும் உண்மை. அதன் போட்டோக்கொப்பி என் சேட்டின் நெஞ்சுப் பையில் இருக்கிறது, பெயின்ற் படாமல்.