சட்டையோடு போன கார்டு

11.8.07 சனி
வெயில். காற்றும். டயர் ஒட்டும் வேலை மத்தியானத்தோடு முடிந்தது. லொறி டியூப் இரண்டுக்குக் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். குமிழி இல்லை. நாளைக்கு வில்கமுவப் பக்கம் குளத்தில் மீன் பிடிக்க. நானும் செல்வமும். சம்சாரத்தின் ஒரே தம்பி, நீச்சல் தெரியாது.
எடுக்க: தூண்டில், புழு, பாண், கயிறு, ஐ.டி. கார்டு.
சம்சாரம்: "தம்பிய முழுசாக் கூட்டிட்டு வாங்க."
"பாதி போதாதா?"
அகப்பை பறந்து வந்தது.

12.8 ஞாயிறு
வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, கார்டு பார்த்தார்கள். கலவரத்துக்குப் பயந்து குடும்பம் வவுனியாவுக்கு ஓடிய காலத்தில் பிறந்தவன் செல்வம். கார்டில் பிறந்த இடம் அந்த வடக்கத்தி ஊர்; புலியோ என்று சந்தேகம். அவனுடையதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பொலித்தீனில் சுற்றி, சட்டைப் பையில் போட்டு, ஊசி குத்தி வைத்திருக்கிறான்.

தோணிக்காரர் கிரிபண்டா சிங்களத்தில் சொன்னார்: எழும்பி நிற்கக் கூடாது, அடியில் பட்ட மரங்கள், காற்று ஏறினால் உடனே கரை. டியூப்களைத் தோணியோடு கட்டி ஆளுக்கொன்று மாட்டினோம்.
செல்வத்தின் இடுப்பில் டியூப் வயிறு போலத் தள்ளி நின்றது. "மச்சான், எத்தன மாசம்?" என்றேன்.
"ஒங்க வயித்த விடச் சின்னதுதான் மச்சான்."
திலாப்பியா நல்ல கடி. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இருந்துவிட்டோம். காற்று ஏறியது. மரக்கட்டையில் மோதித் தோணி கவிழ்ந்தது. மூன்று பேரும் அதைப் பிடித்தபடி. டியூப் தாங்கியது. பிழைத்தோம் என்று சிரித்தேன்கூட. வெயிலுக்குக் கழற்றி வைத்த செல்வத்தின் சட்டை அலையில் தள்ளித் தள்ளிப் போனது.
"மச்சான், என் கார்டு!"
"போனாப் போகுது, விடுடா!"
டியூபின் கயிறு அவ்வளவு தூரம் எட்டவில்லை. டியூபிலிருந்து நழுவி இறங்கிவிட்டான். ரெண்டு கை அடித்தான். தலை காணவில்லை.
கிரிபண்டா பாய்ந்து முடியைப் பிடித்து இழுத்து வந்தார். கரையில் வாயாலும் மூக்காலும் தண்ணீர். மூச்சு வந்ததும் கேட்டது கார்டை. டிரக்டரில் ஆஸ்பத்திரி.

13.8 திங்கள்
இருமல். ஆபத்தில்லை என்றார் டொக்டர். சம்சாரத்துக்குப் போன் பண்ணினேன், அழுகை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்களாம். செல்வத்துக்குச் சந்தோஷமில்லை.
"இங்கயே இருந்துர்றேன் மச்சான். இங்க யாரும் கார்டு கேக்கல."
"ஏன், நர்ஸம்மாவக் கட்டிக்கப் போறியா?"
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

14.8 செவ்வாய்
கார்டு தொலைந்ததற்குப் பொலிஸ் துண்டு இல்லாமல் பஸ் ஏற முடியாது. போனோம். எங்கே தொலைந்தது? தண்ணீரில். வவுனியாக்காரனுக்குக் குளத்தில் என்ன வேலை? மீன் பிடிக்க. மீன் எங்கே?
அதுவும் தண்ணீரில்தான் ஐயா என்றேன். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை.
செல்வத்தை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். எனக்கு வெளியே உட்கார ஒரு வாங்கு. கிரிபண்டா வந்து நடந்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டு அவரையும் அனுப்பிவிட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே இருமல் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது இல்லை.
சம்சாரத்தின் போன்.
"பஸ் ஏறிட்டீங்களா? தம்பிகிட்ட குடுங்க."
தூங்குகிறான் என்றேன்.