பல் கடிப்பு நின்ற பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு, துபாயிலிருந்து ஷர்மினின் சலாம். அத்தாவுக்கு முட்டுவலி குறைந்ததா?

கம்பத்துக்கு வரும் ஹக்கீம் மச்சானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வீடியோவில் என் முகம் ஒடுங்கித் தெரிந்தால் பதறாதீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை புடைத்துவிட்டது. பல் டாக்டர் அந்தத் தசை தளர போடாக்ஸ் ஊசி போட்டார். வலி போனது, கன்னமும் மெலிந்தது.

மச்சான் திரும்பும்போது முறுக்கு கொடுத்துவிட வேண்டாம், மெல்லச் சிரமம். பொரிமாவு போதும். என் பழைய போர்வையும்.

முன்பெல்லாம் என் பல் சத்தத்தில் தூக்கம் போகிறது என்பாள் அறைத்தோழி லிஜி, குமுளிக்காரி. இன்று காலை, "இப்பப் பல்லக் கடிக்கல. 'அம்மா, வந்துரட்டுமா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கே" என்றாள்.

தூக்கத்தில் உளறியதுதான், விடுங்கள். மச்சானுக்கு வண்டி வந்துவிட்டது. பதிலை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஷர்மின்