ஊதாத திருநீறு

குண்டூர் நாடு,
பவ வருஷம், பங்குனி மாதம்.

சிரஞ்சீவி அருணாசலத்துக்கு உன் அய்யன் எழுதிக்கொண்டது. அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், அம்மா சுகம், பிரசவத்துக்கு வந்த உன் தங்கை ருக்குமணியும் அவள் குழந்தையும் சுகம். சிம்லாப் பக்கத்து மலையில் ஊசிமருந்து செய்கிற இடத்தில், பனிக்கு நடுவே நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் எங்கள் கவலை. நான் சுகம் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது கண்ணு. ஒரு தலைவலி கிடையாது, ஒரு தும்மல் கிடையாது, ரெண்டு வேளைக் களி குறையாமல் இறங்குகிறது. அப்படிக் கல்லுக்குண்டாக இருக்கிறவனைத்தான் ஊருக்குள் வரக்கூடாது என்று மிளகுக்காட்டுக் கொட்டாயில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். இந்தக் காகிதத்தைப் பார்த்து நீ பயப்பட வேண்டாம். எழுதி முடித்து வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் கொடுப்பேன், அந்தக் காய்ச்சல் கிருமி காய்ந்தால் செத்துப்போகும் என்று நீதானே எழுதினாய். உறையை நாக்கில் நனைக்காமல் களியைத் தடவி ஒட்டுவேன், ஓரம் பிசுபிசு என்றிருந்தால் அதுதான் காரணம்.

சேலத்து டாக்டர் உனக்குக் கொஞ்சம் எழுதியிருப்பார், ஆனாலும் என் கையால் நான் எழுதினால்தான் எனக்கு ஆறும். தை கடைசியில் கீழ்நாட்டுக் கூலிக்குப் போய்த் திரும்பினவர்களோடு அந்தக் கழுத்து விறைக்கிற காய்ச்சல் மேலே ஏறிவந்தது. காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போனவன் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு விழுவான், கழுத்து பின்பக்கம் வளைந்து மரம் மாதிரி நிற்கும், வெளிச்சம் பட்டால் கத்துவான். நம்மூரில் எந்தக் குழந்தை பயந்தாலும் காய்ந்தாலும் என்னிடம் தூக்கி வருவதும், நான் எட்டுக்கையம்மன் கோயில் திருநீற்றை உள்ளங்கையில் வைத்து முணுமுணுத்து முகத்தில் ஊதிவிடுவதும் உனக்குத் தெரியாததா. இந்தக் காய்ச்சலுக்கும் என்னைத்தான் ஊட்டுக்கு ஊடு கூப்பிட்டார்கள், நானும் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்தவனுக்கெல்லாம் காய்ச்சல் கண்டது, எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அம்மன் சின்னுசாமியைத் தொடமாட்டாள், அவர் வாய்க்காற்று பட்டால் போதும் என்று ஊரே பேசிக்கொண்டது. காய்ச்சல் இல்லாத குழந்தைகளையும் முன்கூட்டியே ஊதி வைக்கச் சொல்லி வரிசையாகக் கொண்டுவந்தார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலை கனத்துப் போனது என்பதை மறைப்பானேன்.

மேல்வளவுக் காளியண்ணன் தன் மகள் அம்சவேணியை அப்படித்தான் தோளில் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். அந்தக் குட்டிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் ஊதினதும் புகையிலை நாத்தம் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. அந்த வாரம் தாண்டவில்லை, காய்ச்சல் பிடித்துவிட்டது. தூளி கட்டிச் செம்மேட்டுக்குத் தூக்கிப் போனோம். சேலத்து டாக்டர் அங்கே கூடாரம் போட்டிருந்தார், முதுகெலும்பில் ஊசி விட்டுத் தண்ணீர் எடுத்தார், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது. குதிரை ரத்தத்திலிருந்து நீங்கள் எடுக்கிறீர்களே அந்த மருந்தையும் அதே வழியாக ஏற்றினார். தன்னால் ஆனதையெல்லாம் அந்த மனுஷன் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொழுது விடியும்போது பிள்ளை போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் உன் காகிதம் டாக்டருக்கு வந்திருக்கிறது. படுத்தவர்களை மட்டும் பார்க்க வேண்டாம், அவர்களோடு பழகியும் படுக்காமல் இருப்பவர்களின் தொண்டையைப் பாருங்கள், கிருமி அவர்களிடம் சும்மா குடியிருக்கும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாது, அடுத்தவருக்குப் போய்க் கொல்லும் என்று எழுதினாயாமே. நீ யாரை நினைத்து எழுதினாயோ, வளைந்த கம்பியில் பஞ்சைச் சுற்றி உள்நாக்குக்குப் பின்னால் விட்டுத் துடைத்ததில் முதலில் அகப்பட்டவன் உன் அய்யன். நான் ஓங்கரித்த ஓங்கரிப்பில் டாக்டர் கண்ணாடியைத் துடைக்கும்படி ஆயிற்று. அந்தக் கிருமிக்குக் குளிர் ஆகாதாம், மலையிறங்குவதற்குள் செத்துப்போகுமாம், அதனால் டாக்டருடைய ஆள் அந்தப் பஞ்சு போட்ட கண்ணாடிக் குழாய்களை வேட்டி மடிப்பில் வைத்து வயிற்றோடு கட்டிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளிக்கு ஓடினான். மறுபடியும் ஒருமுறை எடுத்தார்கள், அப்போதும் என் தொண்டையில் இருந்தது. பச்சைக்குழந்தை இருக்கிற ஊட்டில் இருக்கக்கூடாது, சுத்தமாகிற வரைக்கும் யாரோடும் முகத்துக்கு முகம் பேசக்கூடாது என்று சொன்னார். அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அம்மா மத்தியானத்தில் சோற்றுச்சட்டியைப் பாறைமேல் வைத்துவிட்டு எட்டிப்போய் நின்று கத்துகிறாள், நான் இங்கிருந்து கத்துகிறேன். கலியாணம் ஆன நாளிலிருந்து அவள் இவ்வளவு உரக்க என்னோடு பேசினதில்லை, சண்டையைத் தவிர. குழந்தையை ஒருநாள் மேட்டில் நின்று தூக்கிக் காட்டினாள். எனக்குத் துணிமூட்டைதான் தெரிந்தது. மூக்கு யார் மாதிரி என்று கேட்டேன், உங்களை மாதிரிதான், பாவம் என்றாள். அவள் திரும்பிப் போன பிறகு அன்றைக்கு முழுக்கப் பேச ஆளில்லை. மிளகுக்கொடி தளர்ந்திருந்தால் கட்டுகிறேன், பலாப்பிஞ்சைக் கொத்துகிற கிளியை வைகிறேன், பிறகு அதுவும் சலித்துப்போகிறது. ஊரில் சாவுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்டால் யாருக்கு என்னவோ என்று மேட்டில் ஏறி நிற்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது சாமி. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

உன் போன காகிதத்தைப் பலமுறை படித்தேன். காய்ச்சல் வருமுன்னே தடுக்கிற ஊசிக்காகக் கிருமியைச் சூட்டில் கொன்று உடம்பில் ஏற்றிப் பார்க்கிறீர்கள் என்றும், முதல் ஊசியை நீயே போட்டுக்கொண்டாய் என்றும், கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது என்றும் ஏதோ எறும்பு கடித்த மாதிரி லேசாக எழுதியிருக்கிறாய். உன் அம்மாவிடம் அந்தப் பகுதியைச் சொல்லவில்லை. ஊசி எல்லோரையும் காக்கிறது என்று இன்னும் சொல்ல முடியாது, காத்தாலும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது, ஏற்கெனவே தொண்டையில் இருப்பதை அது விரட்டாது என்றும் எழுதினாய். நான் கேட்காமலே அதைச் சொல்லிவிட்டாய், நல்லதுதான், இல்லாவிட்டால் மலையிறங்கி ஊசி போட்டுக்கொள்ள நான் கிளம்பியிருப்பேன். என் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி சேலத்தில் வளர்ந்து, ஆள் கையில் ரயிலேறி, உயிரோடு உன்னிடம் வந்து சேர்ந்தது என்றும், அதைக் கதகதப்பான பெட்டியில் வைத்து ரத்தம் கலந்த பசையை ஊட்டி வளர்க்கிறாய் என்றும் எழுதினதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது கண்ணு. நீ போனதிலிருந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று கிடக்கிறேன், என் தொண்டையில் கிடந்த சனியன் எனக்கு முன்னே போய் உன் கையால் சாப்பிடுகிறது.

அதே காகிதத்தின் கடைசியில் நீ கேட்டதற்குத்தான் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அம்சவேணி முதுகிலிருந்து எடுத்த கிருமியும் உன்னிடம் இருக்கிறது, இந்தக் கிருமியில் பல வகை உண்டு, குதிரை மருந்தை விட்டுப் பார்த்தால் ரெண்டும் ஒரே வகையா என்று தெரியும், வேறு வகை என்றால் உங்களிடமிருந்து போகவில்லை என்பது நிச்சயம், ஒரே வகை என்றால் போயிருக்கலாம், பார்க்கட்டுமா வேண்டாமா அய்யா என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவிடம் பாறைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். தெரிஞ்சு என்னங்க ஆவப்போவுது, செத்த புள்ள எந்திரிச்சு வருமா, உடுங்க என்றாள். நானும் வேண்டாம் என்றுதான் எழுத இருந்தேன்.

முந்தாநாள் காளியண்ணன் வந்தான். இடுப்பில் சின்னப் பையன். ஊர்க்காரர்களுக்கு நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பது புரியவில்லை, நான் ஏதோ விரதம் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள், அதனால் என் மவுசு கூடித்தான் போயிருக்கிறது. வேலிப்படலைத் தாண்டி வந்துவிட்டான். நில்லு, கிட்ட வராதே என்று கத்தினேன். ஏனுங்கண்ணா, ஒண்ணைக் குடுத்துட்டு நிக்கிறேன், இவனுக்காவது ஒருவாட்டி ஊதி உடுங்க என்று அழுதான். உடம்பு சரியில்லை, நாளைக்கு வா என்று பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நாளைக்கும் வருவான், நான் இல்லாவிட்டால் இன்னொருவனிடம் போய் ஊதச் சொல்வான். அதனால் சொல்லிவிட்டேன். காய்ச்சல் கிருமி என் தொண்டையில் இருக்கிறது, ஊதினால் காற்றோடு போகும், அதற்குத்தான் என்னை இங்கே வைத்திருக்கிறார்கள் என்றேன். அவன் பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினான். அப்ப எம் பொண்ணுக்கு உங்ககிட்ட இருந்துதானுங்களா என்று கேட்டான். எனக்குத் தெரியாது, என் மகன் பார்த்தால் ஒருவேளை சொல்லலாம் என்றேன். கேளுங்க என்றான். ஊதாமல் வெறும் திருநீறாவது தருகிறேன் என்று வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு ஒரு பலா இலையில் வைத்துப் பாறைமேல் வைத்தேன், பின்னால் நகர்ந்து நின்றேன். அவன் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். உன் அம்மா சோறு கொண்டுவரும்வரை இலை அங்கேயேதான் இருந்தது.

ஆகையால் பார் கண்ணு. ரெண்டையும் வைத்துப் பார். வேறு வகையாக இருக்க வேண்டும் என்று நான் அம்மனை வேண்டிக்கொள்வதை நீ தடுக்க முடியாது, ஆனால் என் வேண்டுதலை மனதில் வைத்துக்கொண்டு நீ பார்க்கக்கூடாது. உன் ஊசி பலிக்கிறதா இல்லையா என்பதிலும் அப்படியே இரு, பலிக்கவில்லை என்றால் பலிக்கவில்லை என்றே சொல்லு. நாங்கள் பலித்தது பலித்தது என்று சொல்லிக்கொண்டே ஊதினவர்கள்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. கை வீக்கம் முழுக்க வடியாமல் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே. குதிரைகளிடம் பின்பக்கமாகப் போகாதே. எட்டுக்கையம்மன் உன்னைக் காப்பாள், நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து நம்மூர்க் குழந்தைகளுக்கும் ஒருநாள் அந்த ஊசி வந்து சேரட்டும், தீர்க்காயுசாக இரு.

ஒன்று மறக்காதே. பதிலை எனக்கு எழுதாதே, காளியண்ணன் பேருக்கு எழுது, கேட்டவன் அவன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. நம்மூரில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் என்னைவிட்டால் ஆளில்லை, காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் என்னிடம்தான் வருவான், நான்தான் எட்டி நின்று உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதை நினைத்து ஒரு சொல்லையும் குறைத்து எழுதாதே.

இப்படிக்கு,
உன் அய்யன்
சின்னுசாமி