கேட்காமல் மாற்றிய பெயர்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. நீங்கள் இருவரும் சுகந்தானே? அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. எங்கள் துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு என் குழுவிலிருந்து ஓர் ஆளை அனுப்பச் சொன்னார்கள். குழுவில் இருக்கும் ஒரே பெண்ணுக்குத்தான் முறை. கைக்குழந்தைக்காரர், வெளியூரில் தங்க வேண்டுமே, பாவம் என்று நானே வேறொருவரின் பெயரைக் கொடுத்துவிட்டேன். நல்லது செய்ததாக நினைப்பு வேறு.

நேற்று அவர் என் எதிரில் வந்து நின்றார்.

"போக முடியுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"உங்க குழந்தைக்காகத்தாம்மா..."

"உங்களுக்கும்தான் கைக்குழந்தை இருக்கு. நீங்க இவ்வளவு தூரம் கிளம்பினப்ப யாராவது தடுத்தாங்களா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேலாளரிடம் போய், எல்லார் முன்னாலும், "தப்பு என்னோடது, அந்த இடம் அவங்களோடது" என்றேன். முதலில் பெயர் கொடுத்து, நான் ஆசை காட்டி ஏமாற்றிவிட்ட அந்த ஆளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இன்று அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அவர் வந்து நன்றி சொன்னபோதுதான் இன்னும் கூசியது. அவருடையதை அவருக்கே கொடுத்ததற்கு நன்றியா?

பாப்பாவுக்குப் பத்தாமல் போன சட்டை ஒன்றிருந்தால் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். நீ திரும்ப வேலைக்குப் போவதைப் பற்றிப் போன மாதம் கேட்டபோது, பாப்பா வளரட்டும் என்று நானே பேச்சை முடித்துவிட்டேன். உனக்கு என்ன விருப்பம் என்று எழுது.

உன்னவன்