அல்வர்ஸ்டனில் பாலே பரீட்சை

பாரோ-இன்-ஃபர்னஸ்
14 செப்டம்பர் 1994

அன்பு மகள் ஜில்லியனுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் பேத்தி பெத்தனியும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எனக்கு இடது முட்டியைத் தவிர ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் பீன்ஸ் இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டு மிசஸ் ஃபெல்லுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்து, இப்போது நான் கதவைத் தட்டினாலே அவள் வீட்டில் ஆள் இல்லாததுபோல் இருந்துவிடுகிறாள்.

பெத்தனிக்கு அக்டோபரில் முதல் கிரேடு பாலே பரீட்சை என்றும், சின்ன வயதில் நீ ஆடிய பரீட்சை உனக்கு எதுவுமே நினைவில்லை, என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அப்பாதான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். நாற்பது வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வைத்தவனிடம் பாலேவுக்கு யோசனை கேட்க உலகத்தில் உன்னால்தான் முடியும். ஆனால் எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

முதலில் தலைமுடி. ஒரு மயிர்கூட முகத்தில் விழக்கூடாது. நன்றாக இழுத்துக் கொண்டை போட்டு, மேலே வலை போட்டு, ஊசிகளைப் படுக்கைவாட்டில் செருக வேண்டும். இதை நான் எங்கே கற்றேன் தெரியுமா? தளத்தில் ஒரு முழம் சணல் கயிற்றைப் பிரித்து, சாப்பாட்டு நேரத்தில் அதை முறுக்கி முறுக்கிப் பழகினேன். கூட வேலை பார்த்த ஸ்டான் டாசன் சும்மா இருப்பானா? "என்ன வில்ஃப், இனிமே வெல்டிங்கும் நுனிக்கால்ல நின்னுதான் பண்ணுவியா?" என்று கேட்டுக் கூடம் முழுவதையும் சிரிக்க வைத்தான். ஆனால் நாலாம் நாள் அவனே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடேய், இடப்பக்கமா சுத்துறே, அதான் அவுந்து போகுது. கொண்டா இங்க" என்று வாங்கி, மாலுமி முடிச்சு மாதிரி ஒன்று போட்டான். பரீட்சை நாளில் உன் தலையில் இருந்தது ஸ்டான் போட்ட கொண்டைதான் என்று வைத்துக்கொள்.

காலணிக்கு எலாஸ்டிக்கை மெதுவாக இழுத்துப் பார்த்துத் தைக்க வேண்டும். இறுக்கினால் கால் வீங்கும், தளர்ந்தால் குதிக்கும்போது காலணி பறக்கும். தோடு, சங்கிலி எதுவும் கூடாது. எண் எழுதிய துணியை மார்பில் நேராகக் குத்தியிருக்க வேண்டும். நான்கு நான்கு பேராகத்தான் உள்ளே விடுவார்கள். நான்கு பிள்ளைகளும் ஒரே இடைவெளியில் நடந்து போய், மதிப்பெண் போடும் பரீட்சை அம்மாவைப் பார்த்து நின்று, அவர் வணக்கம் சொன்னதும் பதில் சொல்ல வேண்டும். மேஜையில் ஒரு சின்ன மணி இருக்கும். அது அடித்தால் அடுத்த கூட்டம் என்று அர்த்தம், பயப்பட வேண்டாம் என்று சொல். பெத்தனி வயதில் நீ அதைப் பள்ளிக்கூடத் தண்டனை மணி என்றே நினைத்தாய்.

அப்புறம் அந்தப் பிரெஞ்சுப் பெயர்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நான் கேட்பேன், நீ அடுப்படியில் நின்று செய்து காட்டுவாய். நான் ப்ளியே என்றால் முட்டியை மடக்குவாய். தாந்த்யூ என்றால் பாதத்தைத் தரையோடு உரசி நீட்டுவாய். என் உச்சரிப்பைக் கேட்டு உன் பாலே டீச்சர் மிஸ் கிரெல்லின், "மிஸ்டர் டைசன், நீங்க சொல்றது பிரெஞ்சுமில்ல, இங்கிலீஷுமில்ல. ஆனா பொண்ணுக்குப் புரியுது, அது போதும்" என்றார். செய்வது மட்டும் போதாது, பெயர் சொன்னதும் எது என்று தெரிய வேண்டும். சில நேரம் ஒரு பிள்ளையை மட்டும் தனியாகச் செய்யச் சொல்வார்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஆடக்கூடாது, அவளே தப்பாக ஆடலாம். தப்பு வந்தால் முகத்தைச் சுளிக்காமல் தொடர வேண்டும். பாட்டு முடியும்வரை கடைசி நிலையில் அசையாமல் நிற்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் சரி. முடிந்ததும் பரீட்சை அம்மாவுக்கு ஒரு வணக்கம், பியானோ வாசித்தவருக்கும் ஒன்று. அந்த இரண்டாவது வணக்கத்தை நிறையப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

இவ்வளவுதான் நீ கேட்டது. இதை இங்கேயே முடித்து உறையில் போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் முடித்தேன். பிறகு கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

உன் பரீட்சை நடந்தது 1968 மார்ச்சில். உனக்கு ஒன்பது வயது. உன் அம்மா வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம். அவள் போனதற்கு என்மேலும் தப்பு உண்டு. சனிக்கிழமை சம்பளத்தோடு நான் எங்கே போவேன் என்று ஊருக்கே தெரியும். அந்த வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு உன்னை அல்வர்ஸ்டனுக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். தேவாலயக் கூடத்தில் பெற்றோரை உள்ளே விட மாட்டார்கள். நீ உடை மாற்ற மிஸ் கிரெல்லினோடு போனாய். நான் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நோரீன் வந்தாள், ஜில். உன் அம்மா வந்தாள்.

பச்சைக் கோட்டுப் போட்டிருந்தாள். மிஸ் கிரெல்லினுக்கு எழுதித் தேதியைக் கேட்டுக்கொண்டாளாம். கையில் ஒரு டப்பா கொண்டை ஊசி. "உனக்கு வாங்கத் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, "ஒரு நிமிஷம் அவளைப் பாத்துட்டுப் போயிடுறேன், வில்ஃப்" என்றாள்.

"இப்ப வேணாம். உன்னப் பாத்தா அழுதுடுவா, அப்புறம் ஒரு அடிகூட ஆட வராது. முடிஞ்சதும் பாரு" என்றேன்.

அவள் யோசித்தாள். "சரிதான்" என்றாள். "வாசப்படியில உக்காந்திருக்கேன். அவகிட்ட சொல்லாத, நானே கூப்பிடுறேன்" என்று வெளியே போனாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பியானோ கேட்டது. உன் காலடி எது என்று எனக்குத் தனியாகத் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து நீ வெளியே வந்தாய். முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு ஓடிவந்து என் கோட்டைப் பிடித்துக்கொண்டாய். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன வந்ததோ. வாசலுக்குப் போனால் நீ அவள் கையைப் பிடித்துக்கொள்வாய், அப்புறம் எனக்கு யாரும் இல்லை என்று மட்டும் தோன்றியது. உன்னைக் கூடத்து அடுப்படி வழியாகப் பின்கதவுக்குக் கூட்டிப் போனேன். "இப்படிப் போனா பஸ்ஸுக்குக் கிட்ட" என்றேன். கிட்ட இல்லை. சந்தையைச் சுற்றிக்கொண்டு போனோம்.

"கேக் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களே அப்பா" என்று வழியில் கேட்டாய். பஸ் போய்விடும் என்றேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்கு இன்னைக்குத்தான் பரீட்சைன்னு தெரியுமா?" என்று கேட்டாய்.

"தெரியாது கண்ணு" என்றேன்.

அவளைத் தடுத்தது உனக்காக. அதன்பின் செய்தது முழுக்க எனக்காக. இருபத்தாறு வருஷம் இதற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

ஆறு வாரம் கழித்து மிஸ் கிரெல்லின் கையால் உன் சான்றிதழ் வந்தது. மிக நன்று என்று போட்டிருந்தது. நீ அதைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடினாய். அந்த வசந்தம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

உன் கல்யாணத்தன்று, அம்மாவுக்கும் சொல்லியிருக்கலாமோ என்று நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? "ஒரு நாள்கூட எட்டிப் பாக்காதவளுக்கு எதுக்குப்பா?" என்றாய். நடந்ததை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். புகைப்படக்காரர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

போன மாதம் கிழங்கு விதை வாங்க அல்வர்ஸ்டன் சந்தைக்குப் போனேன். பின்னாலிருந்து ஒரு குரல், "அந்த நடைய எங்க பாத்தாலும் தெரியும்" என்றது. திரும்பினால் நோரீன். முடி முழுக்க வெளுத்துவிட்டது. மோர்கம்பில் தனியாக இருக்கிறாள், இடுப்பு ஆபரேஷன் ஆகிக் கைத்தடியோடு நடக்கிறாள். டீ குடிக்கப் போனோம். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே அவள் முதலில் கேட்டது, "அன்னைக்கு அவ பாஸ் ஆனாளா?"

அவளுக்கு அதுகூடத் தெரியாது, ஜில். அடுத்து வந்த இரண்டு கூட்டமும் வெளியே வரும்வரை படியிலேயே இருந்தாளாம். கடைசியில் கூடத்தைப் பூட்ட வந்தவர்தான், "உள்ள யாருமில்லம்மா" என்றாராம். நீ அவளைப் பார்க்கப் பிடிக்காமல் பின்பக்கமாகப் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டாள். அதனால்தான் பிறகு எழுதவே இல்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நான் வீட்ட விட்டுப் போனது என் பொறுப்பு, வில்ஃப்" என்றாள். "இதை நீதான் அவகிட்ட சொல்லணும். நான் சொல்லமாட்டேன்." பிறகு, அந்தப் பரீட்சையில் நீ எந்தப் பாட்டுக்கு ஆடினாய், என்ன கிடைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். பஸ் வரும்வரை சொன்னேன்.

அவள் விலாசத்தைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். எழுது என்று நான் சொல்லவில்லை, சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. பெத்தனியின் படம் ஒன்று என் பர்ஸில் இருந்தது, அதை மட்டும் கேட்டாள். கொடுத்துவிட்டேன். எனக்கு வேறொன்று அனுப்புவாயா?

நீ ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனில் கூப்பிடுவது வழக்கம். இது உன் கைக்கு வந்தபின் வரும் ஞாயிறு நீ கூப்பிடாவிட்டால் எனக்குப் புரியும். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். எத்தனை ஞாயிறு ஆனாலும் அந்த நேரத்துக்கு நான் எங்கும் போகமாட்டேன், வீட்டில்தான் இருப்பேன்.

பேத்தி நன்றாக ஆடட்டும். நீங்கள் மூவரும் நலமாக இருங்கள்.

என்றும் உன் அப்பா,
வில்ஃப் டைசன்