வண்டிக்குள் சிக்கிய இசைத்தட்டு

பழுகாமம்,
மாசி 20.

அன்புள்ள மகள் கஜானிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நோர்வேக் குளிரில் நீயும் சுகமாயிருக்க சித்தாண்டி முருகன் துணையிருப்பான். வேளாண்மை வெட்டியாயிற்று. இப்போது மெசின் வட்டை வயலுக்குள்ளேயே வெட்டி, அடித்து, நெல்லாகத் தந்துவிடுகிறது. சூடடிக்கும் களம் இல்லாவிட்டாலும் களத்தில் பேசும் வாக்கு மாறக் கூடாதென்று, மெசின் ஓட்டும் ஜெயரூபனிடம் முடிஞ்சுதா என்று கேட்காமல் நிறைஞ்சிட்டா தம்பி என்றுதான் கேட்டேன். அவன் மெசினை நிற்பாட்டி இறங்கி வந்து, என்ன அண்ணன், சுகமில்லையா என்று கேட்டான்.

நீ கிற்றாரை விற்கப் போவதாக உன் தம்பி லக்ஷன் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் நான் வேறு கதை பேசிவிடுவேன். பத்து வருடத்துக்கு முன் உன் முதல் இசைத்தட்டு வந்தபோது, முதற்பாட்டிலேயே களத்தில் நிற்பதுபோல எல்லாம் முடிஞ்சு போச்சு என்று நாலு தரம் பாடியிருந்தாய். சூடடிக்கும் இடத்தில் முடிஞ்சுது என்ற சொல் வாயில் வந்தால் நெல்லின் பொலி குறையும் என்று தெரிந்த பிள்ளை நீ. மற்ற ஏழு பாட்டையும் கேட்காமல் நிற்பாட்டினேன். இதைப் பாடினவள் இனிப் பாடத் தேவையில்லை என்று போனிலும் சொன்னேன். நீயும் பிறகு ஒன்றும் பாடி வெளியிடவில்லை.

போன கிழமை லக்ஷனின் பட்டா லொறியில் ஓட்டமாவடிக்கு, கச்சி முகம்மதுவின் ஆலைக்கு நெல் கொண்டுபோனோம். வண்டியின் பாட்டுப்பெட்டிக்குள் உன் தட்டு சிக்கி, வெளியே வராமல் கிடந்தது. தற்செயல் என்றான் லக்ஷன். உன் அம்மா வழியனுப்பும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முதற்பாட்டுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டேன், நெல் ஏற்றிய வண்டி. மற்றதெல்லாம் கேட்டேன். மட்டக்களப்பு என்றால் மீன் பாடும் ஊர் என்று எல்லோரும் பாட்டில் மீனைப் பாடவைப்பார்கள், நீ வைக்கவில்லை, நல்லது. கடைசிப் பாட்டில் வாத்தியமெல்லாம் நின்று, ஒரு ஆள் களத்தில் நெல் பெருகக் கூப்பிடுவதுபோல பொலி பொலி பொலியோ என்று நீட்டிக் கூப்பிடுகிறான். நல்ல தொண்டை. ஆரடா இது, எங்கட படுவான்கரைப் பக்கத்தில எனக்குத் தெரியாத ஆள் என்றேன். லக்ஷன் வண்டியை ஓரங்கட்டி, அப்பா, அது நீங்கதான் என்றான்.

நீ புறப்படுமுன் நடந்த சூடடிப்பில் போனை நீட்டிக்கொண்டு நின்றாய். வேலை நேரத்தில் யாரோடு கதை என்று ஏசினேன். அந்தக் குரலை நீ பத்து வருடமாகக் கடைசிப் பாட்டில் வைத்திருக்கிறாய், நான் அதுவரை கேட்கவில்லை. ஆலை வரும்வரை அழுதேன். நெல்லில் ஈரம் கூட என்று சொல்ல வாயெடுத்த கச்சி முகம்மது என் கண்ணைப் பார்த்துவிட்டு, பரவாயில்ல, விலையில கழிக்க மாட்டன் என்றார்.

நான் அன்று சொன்னது பிழை மகள். கிற்றாரை விற்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு. நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தட்டுக்கும் பொலி கூப்பிட நான் இருக்கிறேன். என்னை முதற்பாட்டில் போடு, கடைசியில் போட்டால் எனக்குக் கேட்க நாளாகிறது.

உன் அப்பா,
நல்லரத்தினம்